விரிவிரி மிளகாயும் பெருங்காய டப்பாவும்

மாடியில் குரோபேக்கில் காய்த்த மிளகாய்க்கு என்ன பெயர் என்று தெரிந்துகொள்வதற்குள் எனக்குப் போதும் போதும் என்றாகிவிட்டது. ஸ்ரீவராகத்தில் எங்கள் தெருவில் அதைப் பற்றிக் கருத்துச் சொல்லாதவர் ஒருவரும் இல்லை. உண்மையில் தெரிந்தவள் ஒருத்திதான். அவள் வாயைத் திறக்கவில்லை.

அவள் என் மருமகள். மகன் கப்பலில் வேலை பார்த்த காலத்தில் கயானாவில் பார்த்துப் பிடித்துப்போய்க் கல்யாணம் செய்துகொண்ட பெண். இப்போது அவனுக்கு விழிஞ்ஞம் துறைமுகத்தில் வேலை, அதனால் இருவரும் எங்களோடு இருக்கிறார்கள். வரும்போது அவளுடைய அம்மா தன் கொல்லையில் விளைந்த இரண்டு வகை மிளகாயின் விதைகளை ஒரே பொட்டலத்தில் கலந்துகட்டிக் கொடுத்தனுப்பியிருந்தாள். அதில் ஒன்றை அரைத்துச் செய்கிற சாஸ் இல்லாமல் அவர்கள் வீட்டில் சோறு இறங்காதாம். இதையும் மகன் சொல்லித்தான் தெரிந்துகொண்டேன்.

மலையாளம் கலந்த எங்கள் தமிழை அவள் சீக்கிரமே பிடித்துக்கொண்டாள். ஆனால் என்னிடம் அதிகம் பேசியது ஒரே வார்த்தைதான். சாம்பார் எப்படி? "நன்னாருக்கும்மா." அவியல்? "நன்னாருக்கும்மா." சொல்லிவிட்டு, தட்டில் இருக்கிற இரண்டு கரண்டி சாதத்தைப் பிசைந்துகொண்டே உட்கார்ந்திருப்பாள். போட்ட வளையல் கையில் நிற்காத அளவுக்கு இளைத்துவிட்டாள். ஒருநாள் காலை மகன் வேலைக்குக் கிளம்பும்போது, "அம்மா, அவ கொஞ்ச நாள் ஊருக்குப் போயிட்டு வரட்டுமான்னு கேக்கறா" என்றான். கொஞ்ச நாள் என்றால் எத்தனை நாள் என்று கேட்டேன். அவன் ஹெல்மெட்டைத் தேடினான். போனால் திரும்பி வரமாட்டாள் என்று எனக்குப் பட்டது. பயமாக இருந்தது. பயம் வந்தால் எனக்குக் கோபம்தான் வரும்.

அந்தக் கோபத்தோடுதான் செடிகளுக்குத் தண்ணீர் ஊற்றினேன். காய்த்தன. ஒன்று சுண்டைக்காய் அளவில் உருண்டையாக, காம்பில் நிமிர்ந்து நின்றது. இன்னொன்று சுருங்கிச் சுருங்கி, யாரோ கசக்கிப் போட்டதுபோல் தொங்கியது. பழுத்ததும் இரண்டும் சிவப்பு. பக்கத்து வீட்டு மாமி வந்து பார்த்து, "இது காந்தாரியாக்கும். வானத்தைப் பார்த்துக் காய்ச்சா காந்தாரி தன்னே" என்று தீர்ப்புச் சொன்னாள். காந்தாரி ஊசிபோல் இருக்குமே, இது உருண்டையாக இருக்கிறதே என்றேன். "மழை கூடிப்போச்சு, அதான்" என்றாள். மருமகளைப் பார்த்தேன். "அப்படியும் இருக்கலாம் மாமி" என்று அவள் தலையாட்டினாள்.

என் கணவர் இன்னும் ஒரு படி மேலே போனார். "குட்டி சாப்பிடாததுக்கு மிளகா காரணம் இல்லே. கண்ணு பட்டிருக்கு" என்றார். கண்ணுக்குச் சுற்றிப்போட வீட்டில் வற்றல் மிளகாய் கிலோக்கணக்கில் இருந்தது. "அவ ஊர்க் கண்ணுக்கு அவ ஊர் மிளகாதான் கேக்கும்" என்று, முதன்முதலில் பழுத்திருந்த சுருங்கல் மிளகாய் அத்தனையையும் பறித்துவந்துவிட்டார். அவளை உட்காரவைத்துச் சுற்றிக் கனலில் போட்டார். நெடி துளியும் இல்லை. ஒரு தும்மல்கூட யாருக்கும் வரவில்லை. நெடி வராவிட்டால் கண் பட்டது நிஜம் என்றுதானே கணக்கு. "பார்த்தியா, எத்தனை கொடுமையான கண்ணு" என்று அவர் என்னைப் பார்த்தார். அவள் தலையைக் குனிந்துகொண்டாள், தோள் குலுங்கியது. அழுகிறாள் என்று நினைத்து அவர்மேல் எரிந்து விழுந்தேன்.

அடுத்த பறிப்பை நானே எடுத்துக்கொண்டேன். போனில் பார்த்து, சாஸுக்கு எது என்று தெரியாமல் இரண்டு மிளகாயையும் உப்பு, வினிகரோடு அரைத்துக் கொதிக்கவைத்தேன். அதோடு விட்டிருக்கலாம். ஆனால் அடுப்பில் எது கொதித்தாலும் என் கை தானாகப் பெருங்காய டப்பாவுக்குப் போய்விடும். பின்னாலேயே நல்லெண்ணெயும் கடுகும். இறக்கும்போது அது நல்ல தொக்காக இருந்தது. நக்கிப் பார்த்துவிட்டு அவள், "நன்னாருக்கும்மா" என்றாள். பாட்டிலை அப்புறம் தொடவே இல்லை. இரண்டாம் தடவை பெருங்காயத்தைக் குறைத்தேன். அதுவும் நன்றாகத்தான் இருந்ததாம், அதையும் தொடவில்லை.

டிக்கெட் போடுகிற பேச்சு வந்த அன்று மூன்றாம் முறை வைத்தேன். அவள் சமையலறை வாசலில் நின்றுகொண்டிருந்தாள். சாஸ் கொதித்தது. டப்பாவைத் திறந்து ஒரு சிட்டிகை எடுத்தேன். மணிக்கட்டில் ஒரு பிடி விழுந்தது.

"வேண்டாம்மா" என்றாள். பிடியை விடவில்லை. "போன தடவை நன்னால்ல. அதுக்கு முந்தியும் நன்னால்ல."

அதற்கப்புறம் நிறுத்தினால்தானே. உருண்டைதான் விரிவிரியாம், காரமெல்லாம் அதில்தானாம். சுருங்கலுக்கு வாசனை மட்டும்தான், காரமே கிடையாதாம். "அப்பா கனல்ல போட்டது அதுதான். எப்படி நெடி வரும்?" என்றாள். கூடத்தில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தவர் பேப்பரை மடித்து வைத்தார். அன்றைக்கு ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். பெரியவர்களிடம் எப்படிச் சொல்வது என்றாள். எனக்குத் தலையில் அடித்துக்கொள்ளலாம்போல் இருந்தது.

நான் வைத்ததை அப்படியே ஓரம்கட்டினாள். கொல்லைக்குப் போய், மாமி வீட்டு மரம் மதிலைத் தாண்டி எங்கள் பக்கம் நீட்டியிருந்த கிளையிலிருந்து, குட்டி வெள்ளரிக்காய்போல் கொத்தாகத் தொங்கும் இரும்பன்புளியைப் பறித்துவந்தாள். வருஷம் முழுக்க உதிர்ந்து அழுகும், நாங்கள் கூட்டித் தள்ளுவோம், அந்தப் புளிதான். அவர்கள் ஊர் சாஸுக்கும் அதுதான் புளிப்பாம். எங்கள் சமையலில் சேர்க்காத பூண்டைத் தன் அறையிலிருந்து எடுத்துவந்து, புளியோடும் விரிவிரியோடும் சேர்த்து மிக்ஸியில் போட்டாள். "பூண்டா?" என்றார் அவர். "பூண்டு வேணும்ப்பா" என்றாள். அவரே எழுந்து வந்து மிக்ஸி மூடியை அழுத்திப் பிடித்தார். மூன்று பேரும் இருமி இருமிக் கண்ணில் தண்ணீர் விட்டோம்.

தயிர்சாதத்தில் அதை ஊற்றிக்கொண்டு சாப்பிட்டாள். இன்னொரு தடவை போட்டுக்கொண்டாள். என் வாய் சும்மா இருக்கவில்லை, "அப்போ என் சாம்பார்?" என்று கேட்டேன். "பெருங்காயம் கூடுதலாக்கும்" என்றாள். நான் கல்யாணமாகி வந்த நாளிலிருந்து இந்த வீட்டில் யாரும் சொல்லாத வார்த்தை. சுருக்கென்றது. சந்தோஷமாகவும் இருந்தது.

சாயங்காலம் மகன் வந்து, டிக்கெட் எந்தத் தேதிக்குப் போடட்டும் என்று கேட்டான். அவள் பாட்டிலின் மூடியை இறுக்கிக்கொண்டிருந்தாள்.

"இப்போ வேண்டாம்" என்றாள். "நான் போனா அம்மா இதுல பெருங்காயம் போட்டுடுவா."