கொடி அசைத்தும் நகராத வண்டி

அவள் சரக்கு ரயில் ஓட்டுநர். வேலைக்கு வந்த வருடமே அவள் படம் ரயில்வே காலண்டரில் வந்துவிட்டது. அன்றிலிருந்து பணிமனையில் அவளுக்குக் 'காலண்டர்' என்றே பெயர். எஞ்சின் படியில் ஒரு கால், தரையில் ஒரு கால், முகத்தில் விளம்பர அதிகாரி கேட்டு வாங்கிய சிரிப்பு. கால் மரத்துப்போனது படத்தில் விழவில்லை.

சரக்கு வண்டிக்கு நேரம் காலம் கிடையாது. மற்ற வண்டிக்கெல்லாம் வழிவிட்டு, ஏதாவதொரு வெட்டவெளியில் அரை நாள் நிற்கும். எஞ்சினில் கழிப்பறையும் கிடையாது. ஆண்கள் இறங்கி ஒரு மரத்தைப் பார்த்து நின்றுவிடுவார்கள். இவள் தண்ணீரே குடிக்காமல் இருந்து பார்த்தாள். தண்ணீர் குடிக்காத உடம்பு சும்மா விடுமா? நீர்க்கடுப்பு கண்டு, காய்ச்சலில் படுத்தாள். எழுந்தாள், மறுபடி படுத்தாள். பயணிகள் வண்டி என்றால் நிலையத்துக்கு நிலையம் நிற்கும், நிலையத்தில் கழிப்பறை இருக்கும், வீடு திரும்பும் நேரமும் தெரியும். அவளுக்கு வேண்டியிருந்தது அது ஒன்றுதான்.

அதற்கு முதலில் பாதை பழக வேண்டும். அந்தத் தடத்தில் ஓட்டும் ஒருவரோடு கூடவே போய், எங்கே மேடு, எங்கே வளைவு என்று பார்த்து, 'இந்தப் பாதை எனக்குத் தெரியும்' என்று கையெழுத்துப் போட வேண்டும். போடாத பாதையில் எப்பேர்ப்பட்ட கொம்பனும் வண்டி எடுக்கக் கூடாது.

அவள் பாதை பழகக் கிளம்பும் அன்றெல்லாம் விளம்பர அதிகாரி கூப்பிட்டுவிடுவார். "மேடம், ஒரு சின்ன போட்டோ." ஒரு நாள் வெளியூர் விருந்தாளி, ஒரு நாள் 'தடைகளைத் தகர்த்த பெண்கள்' கருத்தரங்கு. தடைகளைத் தகர்த்தவள் மேடையில் பூங்கொத்தோடு உட்கார்ந்திருப்பாள். வண்டி அவளை விட்டுவிட்டுப் போயிருக்கும்.

அவளோடு வேலைக்குச் சேர்ந்தவன் ஒருவன். அவனுக்குத் 'தொப்பை' என்று பெயர், காரணப் பெயர்தான். அவனைப் படம் எடுக்க யாருக்கும் தோன்றியதில்லை. அதனால் அவன் பாட்டுக்குப் பாதை பழகி, கையெழுத்துப் போட்டு, பயணிகள் வண்டி ஓட்டிக்கொண்டிருந்தான்.

"உன் தொப்பையில பாதி எனக்கு இருந்திருந்தா, நானும் இந்நேரம் மேல வந்திருப்பேன்ப்பா" என்பாள் அவள்.

வீட்டில் மாமியாருக்கு ஒரே பெருமை. "ஊரே பாராட்டுது. நீ ஏன்மா மூஞ்சியத் தூக்கி வச்சிருக்கே?"

"பாராட்டை வச்சு எஞ்சின்ல கதவும் தாழ்ப்பாளும் போட்ட ஒரு கக்கூஸ் கட்ட முடியுமா அத்தை?"

மகளிர் தினம் வந்தது. முழுக்கப் பெண்களே இயக்கும் பயணிகள் வண்டி என்று ஏற்பாடு. ஏற்பாடு என்றால் இப்படி: இவள் ஓட்டுநர் இருக்கையில் உட்காருவாள், பெரிய அதிகாரி பச்சைக் கொடி அசைப்பார், படம் எடுப்பார்கள். பிறகு இவள் இறங்க, தொப்பை ஏறி ஓட்டிக்கொண்டு போவான். படத்தில் ஆண்வாடை கூடாது என்பதால் அவனைப் புத்தகக் கடைக்குப் பின்னால் நிற்கச் சொல்லியிருந்தார்கள். இதையெல்லாம் எல்லோருக்கும் சொன்ன விளம்பர அதிகாரி, பெரிய அதிகாரிக்கு மட்டும் சொல்ல மறந்துவிட்டார்.

பெரிய அதிகாரி கொடி அசைத்தார். பேண்டு முழங்கியது. வண்டி நகரவில்லை. மறுபடி அசைத்தார். பேண்டுக்காரர்களும் முதலிலிருந்து ஆரம்பித்தார்கள்.

"கொடிய ஆட்டினது போதும், வண்டிய ஆட்டுங்கப்பா!" என்று ஒரு பெட்டியிலிருந்து குரல் வந்தது.

விளம்பர அதிகாரி எஞ்சின் ஜன்னலுக்கு ஓடி வந்தார். "மேடம், எடுங்க! பிளாட்பாரம் முடியற வரைக்கும் போதும்!"

"அதுக்கப்புறம்? பின்னாடி இருக்கற ஜனங்க இறங்கித் தள்ளுவாங்களா?"

"ஐயோ, அவர் கொடியும் கையுமா நிக்கிறாரே! மானம் போகுது!"

அவள் யோசித்தாள். எடுத்து ஒன்றும் ஆகாவிட்டால், ஆயுளுக்கும் காலண்டர்தான். ஏதாவது ஆகிவிட்டாலோ, 'பொம்பளை கையில கொடுத்தா இப்படித்தான்' என்று அடுத்து வரப்போகும் பெண்கள் தலையிலும் சேர்த்து விடியும். எடுக்காவிட்டால் வேலைக்கே வேட்டு வைப்பார்கள். வைக்கட்டும்.

"எனக்கு இந்தப் பாதை தெரியாது சார்" என்றாள். சரக்கு வண்டியின் இரைச்சலில் பேசிப் பழகிய குரல். மெதுவாகச் சொல்ல வராது.

பெரிய அதிகாரி கொடியைத் தாழ்த்தினார். "தெரியாதா? ஏன் தெரியாது?"

"பழகப் போற அன்னிக்கெல்லாம் விழாவுக்குக் கூப்பிட்டுட்டாங்க சார். போன தடவை பூங்கொத்து, அதுக்கு முன்னாடி கேடயம்."

தொப்பையைத் தேடிப் பிடித்தார்கள். பாதி பன் வாயிலும் பாதி கையிலுமாக, அத்தனை கேமராக்களுக்கும் குறுக்கே அவன் ஓடி வந்தான். பெண்கள் வண்டியின் படமாக மறுநாள் நாளிதழில் வந்தது அவன் வயிறுதான்.

விசாரணை நடந்தது. துறையின் நற்பெயரைக் கெடுத்ததற்குத் தண்டனையாக, இனி எந்த விழாவுக்கும் அவளை அழைப்பதில்லை என்று முடிவாயிற்று.

"இது நிரந்தரமா சார்?" என்று கேட்டாள்.

"நிரந்தரம்தான்!" என்றார் விளம்பர அதிகாரி கடுமையாக. அவள் தலையைக் குனிந்துகொண்டு வெளியே வந்தாள். நிமிர்ந்திருந்தால் யாரும் கேட்காமலே சிரிப்பு வந்திருக்கும்.

மறு வாரம் பாதை பழகத் தொப்பையின் எஞ்சினில் ஏறினாள். அவன் முகத்தை உம்மென்று வைத்திருந்தான்.

"பேப்பரைப் பாத்ததுலேர்ந்து என் பொண்டாட்டி அரை வயித்துக்குத்தான் போடறா. எல்லாம் உன்னாலதான், காலண்டர்."

"உடம்புக்கு நல்லதுதான். இந்த இறக்கத்துல எங்கே பிரேக் போடணும்? அதைச் சொல்லு."

"மஞ்சக் கட்டடம் வந்ததும்."

மஞ்சள் கட்டடம் வந்தது. அவள் அதற்கு முந்திய சின்னப் பாலத்தையும் சேர்த்துப் பார்த்து வைத்துக்கொண்டாள். கட்டடத்துக்கு நாளைக்கே யாராவது வேறு சாயம் அடித்துவிடலாம்.