பகலில் உறங்குகிறவர்கள்

ஒரகடம் கூட்டுரோடு பக்கம், ஒரு டயர் கடையின் மாடியில் எங்கள் ஆலோசனை மையம் இருந்தது. தொழிற்சாலைகளில் வேலை செய்யும் பெண்கள் ஞாயிற்றுக்கிழமை மத்தியானங்களில் வருவார்கள். பி.எஃப். மாற்றுவது, விடுப்பு கேட்பது, ஆதாரில் முகவரி திருத்துவது என்று என்ன சந்தேகமானாலும் இலவசமாக வழி சொல்வோம். நானும், மணிமங்கலத்திலிருந்து வரும் ஒரு வக்கீல் அம்மாவும்தான் அங்கே.

ஒரு மழை நாளில் சங்கரன்கோவில் பக்கத்துப் பெண் ஒருத்தி வந்தாள். முறை வரும்வரை பெஞ்சில் உட்காரச் சொன்னேன். திரும்பிப் பார்த்தபோது சுவரில் தலை சாய்த்து உறங்கிக்கொண்டிருந்தாள். வாய் லேசாகத் திறந்திருந்தது. எழுப்பப் போன என்னை வக்கீல் அம்மா கையைப் பிடித்து நிறுத்தினார். மழை தகரக் கூரையில் பெய்துகொண்டே இருந்தது. கீழே கன்டெய்னர் லாரிகள் தண்ணீரைக் கிழித்துக்கொண்டு போயின. அறை முழுக்க அவள் மூச்சின் கதிக்கு மெல்ல அசைவது போல எனக்குத் தோன்றியது.

விழித்தபோது சாயங்காலம் ஆகியிருந்தது. பதறி எழுந்தாள்.

"மன்னிச்சிக்கிடுங்கக்கா. கண்ண அசத்திட்டு."

"ஹாஸ்டல்ல தூங்க முடியலையா?" என்றேன்.

"எங்க உறங்க? ஒரே ரூம்ல மூணு ஷிப்டு ஆளும் இருக்கோம். நான் படுக்கையில ஒருத்தி வேலைக்குக் கெளம்புவா. லைட்டப் போடுவா, டிபன் டப்பாவத் தேடுவா. அவளக் குத்தம் சொல்ல முடியாதுல்லா? நான் கெளம்பையில அவ உறங்குதா." பையிலிருந்து பி.எஃப். காகிதங்களை எடுத்தாள். "கம்பெனியில லைன்ல நிக்கையில கண்ணு தெறந்துதான் இருக்கு. ஆனா குளத்துக்குள்ள நடக்க மாதிரி இருக்குக்கா. சத்தமெல்லாம் தூரத்துல கேக்கு."

அவள் வந்தது பி.எஃப். விஷயமாகத்தான். அதை முடித்துக் கொடுத்து அனுப்பினோம். படியிறங்கும் சத்தம் ஓய்ந்ததும் வக்கீல் அம்மா சொன்னார்: "இங்க வர்ற பொண்ணுங்க பாதி பேரு அந்த பெஞ்சிலதான் தூங்குதுங்க, பாத்தியா? ஒவ்வொருத்திக்கா வழி சொல்லிக்கினே இருந்தா ஆவாது. மேல இருக்கறவங்களுக்குத் தெரியணும்."

அதன் பிறகு வருகிற ஒவ்வொருத்தியிடமும், வந்த காரியம் முடிந்தபின், உறக்கத்தைப் பற்றிக் கேட்டோம். யாரும் அதைப் புகாராக நினைத்திருக்கவில்லை. ஒருத்தி கம்பெனி பஸ்ஸில் உறங்கி, இறங்குமிடம் தாண்டி சிங்கப்பெருமாள் கோவில் வரை போனதைச் சிரித்துக்கொண்டே சொன்னாள். இன்னொருத்தி வாரவிடுமுறையில் வல்லக்கோட்டை முருகன் கோவில் மண்டபத்துக்குப் போய்ப் படுப்பாளாம். வேண்டுதல் ஒன்றுமில்லை, அங்கே தரை குளிர்ச்சி.

அந்தச் சமயத்தில் மகளிர் விடுதிகளுக்கு மாவட்ட அளவில் நெறிமுறை எழுதிக்கொண்டிருந்தார்கள். கருத்துச் சொல்ல எங்களையும் ஒரு கூட்டத்துக்கு அழைத்திருந்தார்கள். பெயர் சொல்லாமல் இவர்கள் அனுபவங்களைச் சொல்லலாமா என்று எல்லோரிடமும் அனுமதி வாங்கினோம். சங்கரன்கோவில் பெண் மட்டும், "நானே வாரேன்க்கா" என்றாள்.

"ஹாஸ்டல்ல தெரிஞ்சா பிரச்சினை வரலாம்மா."

"தெரியட்டும். நீங்க சொன்னா கதையாப் போயிரும்."

நைட் ஷிப்ட் முடிந்து நேராகக் கூட்டத்துக்கு வந்தாள். காவலும் கேமராவும் பற்றியே பேச்சு ஓடிக்கொண்டிருந்தது. அவள் முறை வந்தபோது எழுந்து நின்றாள். பேச்சு தொடங்கியது, நடுவில் நின்றது. சொல்ல வந்தது மறந்துவிட்டது. கண்கள் திறந்திருந்தன, அவள் அங்கே இல்லை. தலைமை தாங்கிய அதிகாரி தண்ணீர் பாட்டிலை அவள் பக்கம் நகர்த்தி, "உக்காந்தே சொல்லும்மா. மெதுவா சொல்லு" என்றார். உட்கார்ந்து, கொஞ்சம் கொஞ்சமாக எல்லாவற்றையும் சொன்னாள். மற்றவர்கள் அனுபவங்களை நான் சொன்னேன்.

இறுதி நெறிமுறையில் ஒரு வரி சேர்ந்தது: ஒரே ஷிப்டில் வேலை செய்கிறவர்களை இயன்றவரை ஒரே அறையில் தங்கவைக்க வேண்டும். 'இயன்றவரை' என்ற சொல்லைப் பார்த்து வக்கீல் அம்மாவுக்குக் கோபம். பல விடுதிகள் அந்தச் சொல்லுக்குள் நுழைந்து தப்பித்துக்கொண்டன. அவற்றோடு இன்றும் மல்லுக்கட்டுகிறோம்.

சங்கரன்கோவில் பெண்ணின் விடுதி அப்படித் தப்பிக்கவில்லை; ஒரே ஷிப்டு ஆட்களை ஒரே அறைக்கு மாற்றியது. சில மாதம் கழித்து ஒரு காலையில் அங்கே போனேன். வார்டன் வாசலிலேயே உதட்டில் விரல் வைத்தார்.

"செருப்ப கயட்டிட்டு வாம்மா. புள்ளைங்க தூங்கினு கீதுங்க."

கதவு ஒருக்களித்திருந்தது. ஜன்னலில் யாரோ நீலப் புடவையைத் திரையாகக் கட்டியிருந்தார்கள். வெளியே உச்சிக்கு ஏறிக்கொண்டிருந்த வெயில், உள்ளே நீலமாகப் பரவியிருந்தது. வரிசையாகப் படுத்திருந்தவர்களில் அவள் எவள் என்று தெரியவில்லை. எல்லோரும் தலையோடு போர்த்தியிருந்தார்கள். கொஞ்ச நேரம் நின்றிருந்துவிட்டு, யாரையும் எழுப்பாமல் திரும்பினேன்.