வாளிக்கடையடி

போன செவ்வாய்க்கிழமை, யாழ்ப்பாணப் பட்டினத்தின் நட்டநடுவில் ஒரு கோப்பிக் கடையில் எனக்கு வாளியில் சாப்பாடு வந்தது. பகிடி இல்லை. உள்ளங்கைக்குள் அடங்கும் ஒரு தகர வாளி, அதற்கொரு வளைந்த கைபிடி, உள்ளே தாள் சுற்றி நீளநீளமாகப் பொரித்த உருளைக்கிழங்கு. கொண்டுவந்த பிள்ளை, "என்ஜோய் பண்ணுங்கோ அங்கிள்" என்று சொல்லிவிட்டுப் போனாள். எனக்கு எதிரே என் அண்ணை இருந்தார். ஆஸ்பத்திரியில் கண் காட்டிவிட்டு வந்தவர். அவர் உருளைக்கிழங்கைப் பார்க்கவில்லை. வாளியைத் தலைக்குமேல் தூக்கி அதன் அடியைப் பார்த்தார். அதே இடத்தில் நாற்பது வருடம் வாளி விற்ற மனிதர் வேறென்ன செய்வார்?

அந்தக் கடையைப் பற்றி நான் நல்லதாக ஒன்றும் சொல்லப்போவதில்லை, முதலே சொல்லிவிடுகிறேன். சுவருக்குப் பூச்சில்லை. எங்கள் பக்கத்தில் பூசாத சுவர் என்றால் வெளிநாட்டுக் காசு இன்னும் வந்து சேரவில்லை என்று அர்த்தம். இங்கே அது அழகாம். கூரையில் குழாய்களெல்லாம் குடல் மாதிரித் தொங்குகின்றன, அதுவும் அழகாம். மூலையில் ஒரு பழைய கப்பி, கயிறில்லாமல், கிணறில்லாமல், ஆணியில் மாட்டியிருக்கிறது. பெடியள் அதற்குக் கீழே நின்று படம் எடுக்கிறார்கள்.

தெருவையும் ஒருக்கால் பாருங்கள். முன்பு எங்கள் கடைக்கு இந்தப் பக்கம் நாட்டு மருந்துக் கடை, அந்தப் பக்கம் குடை திருத்துகிறவர், அதற்கப்பால் கொப்பியும் பஞ்சாங்கமும் விற்ற கடை. இப்போது வரிசையாக ஐந்து கடைகளில் போனுக்கு உறை விற்கிறார்கள், ஐந்திலும் அதே உறை. ஆறாவதில் நாட்டை விட்டுப் போக வழி சொல்லிக் கொடுக்கிறார்கள். ஏழாவதில் தலையில்லாத பொம்மைகள் சட்டை போட்டுக்கொண்டு நிற்கின்றன. பட்டினத்தில் இவ்வளவு வெளிச்சம் இருந்ததே கிடையாது, ஆனால் ஒரு ஊசியும் நூலும் வாங்க நான் இரண்டு மைல் தள்ளி, யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலிச் சந்தைக்குப் போகிறேன்.

எங்கள் கடையில் வெளிச்சம் இருக்கவில்லை. மணம் இருந்தது. தும்புக் கயிற்றின் மணமும், புதுத் தகரத்தின் புளித்த மணமும், கப்பிக்குப் பூசும் கிறீஸின் மணமும் கலந்த ஒன்று. உயர்தரப் பரீட்சை எழுதிவிட்டு, மறுமொழி வரும்வரை என்று போய் நின்றவன், மறுமொழி வந்த அழகைப் பார்த்துவிட்டு நாலு வருடம் நின்றேன். அந்த மணம் என் சட்டையை விட்டுப் போகாது. பஸ்ஸில் கம்பஸ் பெட்டையளுக்குப் பக்கத்தில் நிற்கக் கூச்சம். எங்கே வேலை என்று யாராவது கேட்டால் "இரும்பு வியாபாரம்" என்பேன். வாளி என்று வாயால் சொன்னதில்லை. அன்றைக்கே நான் அப்படித்தான்.

கடைக்கு முன்னால் ஒரு நீள விறாந்தை இருந்தது. கடையின் சீவன் அதில்தான். வாளி வாங்க வருகிறவர் உடனே வாங்கமாட்டார். அண்ணை விடவும் மாட்டார். வாளி நிறையத் தண்ணீர் ஊற்றி, விறாந்தையில் ஒரு பழைய பேப்பரை விரித்து, அதன்மேல் வைப்பார். வாளியில் வெண்கட்டியால் வாங்குகிறவரின் ஊரை எழுதுவார்.

"கச்சேரி அலுவலைப் பாத்திட்டு வாங்கோ. பேப்பர் காய்ஞ்சிருந்தால் காசைத் தாங்கோ."

ஆட்கள் அரசாங்க அலுவலகத்துக்குப் போய்விடுவார்கள். காலை பத்து மணிக்குப் பார்த்தால் கரவெட்டி, பண்டத்தரிப்பு என்று ஊர்கள் வரிசையாகத் தண்ணீரோடு நிற்கும். அவற்றுக்கு நடுவே பஸ்ஸுக்கு நிற்கிற சனம், ஆஸ்பத்திரிக்குச் சாப்பாடு கொண்டுபோகிறவர்கள், மழைக்கு ஒதுங்கியவர்கள். ஒருவரும் ஒரு வாளியைத் தட்டிவிட்டதை நான் கண்டதில்லை.

பேப்பர் நனைந்திருந்தால் அண்ணை ஒரு வார்த்தை சொல்லமாட்டார். தண்ணீரை வீதியில் ஊற்றிவிட்டு, வாளியை அந்த ஆளுக்கு முன்னால் கவிழ்த்து வைப்பார். அவ்வளவுதான். கவிழ்த்த வாளியை ஒருவரும் நிமிர்த்தமாட்டார்கள், கெஞ்சிக் கேட்டாலும் அது விலைப்படாது. யுத்த இடப்பெயர்வு முடிந்து சனம் திரும்பி வந்தபோது, கிணறு இறைக்க வாளி கேட்டுக் கடை வாசலில் நெரிபட்டார்கள். அப்போதும் தண்ணீர் ஊற்றிப் பார்த்துத்தான் கொடுத்தார். "அண்ணை, ஒழுகினாலும் பரவாயில்லை, தாங்கோ" என்று ஒருவர் அழாக்குறையாகக் கேட்டார். "பரவாயில்லை எண்டு நீர் சொல்லுவீர், உம்மடை கிணறு சொல்லாது" என்றார் அண்ணை. எனக்கு அப்போது எரிச்சலாக இருந்தது.

பிறகு குழாய் வந்தது, மோட்டர் வந்தது, பிளாஸ்டிக் வந்தது. அண்ணையின் முழங்காலும் போய்விட்டது. காணி எங்கள் இருவரின் பேரிலும் இருந்தது. கட்டடம் கட்டுகிற ஒருவர் காணியைக் கேட்டு என்னைத் தேடி வந்தார். நான் அண்ணையிடம் போனேன்.

"குடுக்கிறதெண்டால் குடுப்பம். ஆனால் முன் விறாந்தை இருக்கவேணும். பஸ்ஸுக்கு நிக்கிற சனம் வெயிலுக்கை காயக்கூடாது."

"அது அப்பிடியே இருக்கும் அண்ணை. பிளானிலை கிடக்கு."

அவர் கையெழுத்து வைத்தார். பிளானில் விறாந்தை கிடக்கவில்லை. நான் பிளானைப் பார்த்திருந்தேன், இரண்டு தரம் விரித்துப் பார்த்திருந்தேன். கண்ணாடிச் சுவர் வீதி விளிம்புவரை வருவது நீல மையில் தெளிவாகப் போட்டிருந்தது. ஐந்து உறைக் கடைக்காரரையும் பூசாத சுவர்க்காரரையும் இவ்வளவு நேரம் திட்டினேன் அல்லவா? அவர்கள் ஒருவருக்கும் பொய் சொல்லவில்லை.

கட்டடம் முடிந்து ஒரு வருடத்துக்கு மேலாகிறது. அண்ணை கேட்கும்போதெல்லாம் "இன்னும் வேலை முடியேல்லை" என்று சமாளித்துக்கொண்டு வந்தேன். செவ்வாய்க்கிழமையும் ஆஸ்பத்திரியிலிருந்து ஆட்டோவில் வேறு வழியால் கூட்டிப்போய்விடலாம் என்றுதான் நினைத்தேன். நான் ஆட்டோவைத் தேட, அதற்குள் வந்து நின்ற ஒரு பஸ்ஸில் அவர் ஏறிவிட்டார், நானும் பின்னால் ஓடி ஏறினேன். இரண்டாவது தரிப்பில் கொண்டக்டர் கத்தினான், "வாளிக்கடையடி இறங்கு!" அவன் பிறந்தபிறகு அங்கே யாரும் வாளி வாங்கியிருக்கமாட்டார்கள். அண்ணை எழும்பிவிட்டார்.

இறங்கி, கண்ணாடிச் சுவரைப் பார்த்துக்கொண்டு வெயிலில் நின்றார். காலால் நிலத்தைத் தடவி, விறாந்தைப் படி இருந்த இடத்தைத் தேடினார். பிறகு, "உள்ளுக்கை போவம்" என்றார். அப்படித்தான் அந்த மேசைக்கு வந்தோம்.

அண்ணை உருளைக்கிழங்கைத் தட்டில் கொட்டினார். தாளை எடுத்தார். கை துடைக்க வைத்திருந்த ஒரு ரிசுவை மேசையில் விரித்து, அதன்மேல் வாளியை வைத்து, தன் கிளாஸிலிருந்த தண்ணீரை விளிம்புவரை ஊற்றினார். கச்சேரிக்குப் போய்வர நேரம் வேண்டியிருக்கவில்லை. நான் ஒரு துண்டு உருளைக்கிழங்கை மென்று முடிக்க முன்னமே ரிசு ஊறிவிட்டது.

"பிளானை நீ பாத்தனியோ?"

"ஓம் அண்ணை."

"கையெழுத்து வைக்க முன்னமோ?"

"ஓம்."

ஏசுவார் என்று காத்திருந்தேன். ஏசியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். மிஞ்சிய தண்ணீரைத் திரும்பக் கிளாஸில் ஊற்றினார். வாளியை எனக்கு நேரே தள்ளி, கவிழ்த்து வைத்தார். பிறகு தடியை ஊன்றிக்கொண்டு எழும்பி வெளியே போனார்.

காசைக் கொடுத்துவிட்டு ஓடிப்போய்ப் பார்த்தால், சனத்தோடு சனமாக வெயிலில் நிற்கிறார். பக்கத்தில் ஒரு மனுசி கிளினிக் கொப்பியைத் தலைக்குமேல் பிடித்துக்கொண்டு நின்றா.

"ஆட்டோ பிடிக்கட்டோ அண்ணை?"

"சனம் நிக்குதுதானே."

நானும் நின்றேன். முதுகுக்குப் பின்னால், கண்ணாடிக்கு உள்ளே, விறாந்தை இருந்த அதே இடத்தில், குளிர்காற்றில் எங்கள் மேசை இருந்தது. அந்தப் பிள்ளை வந்தாள். ஈர ரிசுவைச் சுருட்டி எடுத்து, மேசையைத் துடைத்தாள். பிறகு கவிழ்ந்து கிடந்த வாளியை நிமிர்த்தி வைத்தாள்.