சலோங்கோவைக் காட்டிக்கொடுத்த ஈக்கள்

புகாலாத் தீவில் மயம்பாலாவை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட மாட்டார்கள். இரட்டைப் பிள்ளை பெற்றவனைச் சலோங்கோ என்றும் அவன் மனைவியை நலோங்கோ என்றும்தான் கூப்பிடுவோம். எங்கள் ஊர் மரியாதை அது. அந்த மரியாதை போதாதென்று தூக்க நோயைப் பரப்பும் ஈக்களைப் பிடிக்கும் வேலையும் கிடைத்ததும் அவன் கால் தரையில் பாவவில்லை. நீலத் துணிப் பொறியைக் காட்டோரம் கட்டி, விழுந்த ஈக்களை ஸ்பிரிட் குப்பியில் போட்டு ஆய்வுக்கூடத்துக்கு அனுப்ப வேண்டும். மாதம் ஒரு குப்பி புகாலாவில் பிடித்தது. இன்னொன்று, ஏரிக்குள் வெகுதூரம் தள்ளியிருக்கும் நக்கிவோத் தீவில் பிடித்தது.

நக்கிவோவுக்குப் போய்வந்த கதையை அவன் அவிழ்த்துவிட்டால் சாராயக் கடையில் கூட்டம் கூடும். வீட்டு உயரத்துக்கு அலை, படகை முட்டிய நீர்யானை, அதன் மூக்கில் இவன் துடுப்பால் வைத்த அடி. அந்த நீர்யானை மாதாமாதம் வளர்ந்துகொண்டே போனது.

உண்மை என்னவென்றால், ஐயாவுக்குத் தண்ணீர் என்றாலே குலை நடுங்கும். தீவிலேயே பிறந்து வளர்ந்த ஆண்பிள்ளை இதை எங்கே போய்ச் சொல்வான்? படகைக் கரையோரமாகவே தள்ளிக்கொண்டு முனை திரும்புவான். நாணல் மறைவில் கட்டிவிட்டு, புகாலாக் காட்டிலேயே இரண்டு குப்பிகளையும் நிரப்புவான். ஈ ஈதானே, அதன் நெற்றியில் ஊர்ப் பெயரா எழுதியிருக்கிறது? அப்புறம் இரண்டு நாள் சுட்ட வாழைக்காயும் தூக்கமும்.

நக்கிவோவில் அவனுக்கு ஒருத்தி இருக்கிறாள் என்று நலோங்கோ முடிவே கட்டிவிட்டாள். போன புருஷன் கொழுகொழுவென்று திரும்பி வந்தால் வேறென்ன நினைப்பாள்? அவனும் மறுக்கவில்லை. கோழை என்ற பெயரைவிடக் கூத்தியாள் வைத்திருப்பவன் என்ற பெயர் அவனுக்குக் கௌரவமாகப் பட்டது. தண்டனை தட்டில் விழுந்தது. எங்கள் வீடுகளில் கோழியின் இரைப்பை குடும்பத் தலைவனுக்கு மட்டும்தான். நலோங்கோ சமைக்கிற கோழிகளுக்கோ இரைப்பையே இருப்பதில்லை.

“பூனை தூக்கிட்டுப் போயிருச்சு,” என்பாள்.

அந்த வீட்டில் பூனையே கிடையாது.

ஒரு நாள் ஆய்வுக்கூடத்து டாக்டர் அமோங் படகில் வந்து இறங்கினார். முற்றத்தில் நலோங்கோ வாழைக்காய் சீவிக்கொண்டிருந்தாள்.

“சலோங்கோ, ஒவ்வொரு தீவு ஈக்கும் பரம்பரை வேற வேற. நடுவுல இவ்வளவு தண்ணி இருக்கறதால ஒண்ணோட ஒண்ணு கலக்கறதில்ல. உங்க ரெண்டு குப்பி மட்டும் கூடப்பிறந்ததுங்க மாதிரி இருக்கு. எப்படி?”

“காத்து பலமா அடிச்சிருக்கும் டாக்டரம்மா. பறந்து வந்திருக்கும்.”

“நானும் அப்படி நினைச்சுத்தான் பூரிச்சுப் போனேன், புதுசா ஒண்ணு கண்டுபிடிச்சிட்டோம்னு. நேத்து நக்கிவோ போனேன். நீலப் பொறிய அங்க ஒருத்தரும் கண்ணால பார்த்ததில்லையாம். உங்களையும்தான்.”

கத்தி நின்றது.

“அந்த நக்கிவோக்காரி வீட்டுக்குள்ளயே இவரு கிடந்தா ஊர்க்காரங்க எப்படிப் பார்ப்பாங்க?” என்றாள் நலோங்கோ.

தப்பிக்க வழி கிடைத்துவிட்டது. வேலை போனாலும், ஆமாம் என்று தலையாட்டினால் வீரன் என்ற பெயராவது பிழைக்கும். வாயைத் திறந்தவன் அவள் முகத்தைப் பார்த்துவிட்டான். கண் கலங்கியிருந்தது. இத்தனை வருஷமும் வாய்ச்சண்டையைத்தான் பார்த்திருந்தானே தவிர இதைப் பார்த்ததில்லை. மனசு கேட்கவில்லை.

“அவளும் இல்ல, இவளும் இல்ல. எனக்குத் தண்ணின்னா பயம்டி.”

நலோங்கோ சிரித்த சிரிப்பில் வாழைக்காய்க் கூடை கவிழ்ந்தது. சிரித்துக்கொண்டே அழுதாள், அழுதுகொண்டே தோலை எடுத்து அவன்மேல் எறிந்தாள்.

“பாவி மனுஷா! பேர்கூடத் தெரியாத ஒருத்திய இத்தனை வருஷமா சபிச்சுக்கிட்டுக் கிடந்தேனே!”

பொழுது சாய்வதற்குள் ஊருக்கே தெரிந்துவிட்டது. அவளேதான் வீடு வீடாகப் போய்ச் சொன்னாள். சாராயக் கடையில் இனி நீர்யானைப் பேச்சை எடுக்க முடியாது. ஆனால் அன்றைய சாப்பாட்டில் இரைப்பை முழுசாக இருந்தது.

டாக்டர் இன்னொரு வாய்ப்புக் கொடுத்தார். அசல் நக்கிவோ ஈ வேண்டும் என்றார். செம்படவர் மகளான நலோங்கோ துடுப்பைக் கையில் எடுத்தாள். சலோங்கோ பொறியைக் கட்டிப்பிடித்துக்கொண்டு படகின் நடுவில் குந்தியிருந்தான்.

“நக்கிவோ தெரியுது. கரையில உங்கள எவளாவது தேடி நிக்கிறாளான்னு பாருங்க,” என்றாள்.

“கரை தட்டினதும் சொல்லுடி, கண்ணத் திறக்கிறேன்.”