மூக்கரசியும் இரண்டு ரோஜா சென்ட்டும்

சென்ட் கடையில் பதினோரு வருடமாக வேலை பார்க்கும் அவளுக்கு 'மூக்கரசி' என்று பெயர் வைத்தது கடைக்காரர்கள்தான். பாட்டிலின் மூடியைத் திறந்ததுமே, இது இன்னது என்று சொல்லிவிடுவாள். மூன்று மாதத்துக்கு முன் வந்த ஒரு காய்ச்சலோடு அந்த மூக்கு கைவிட்டுவிட்டது. மல்லிகையும் தெரியவில்லை, மண்ணெண்ணெயும் தெரியவில்லை. "திரும்ப வரலாம், பொறுமையா இருங்க" என்றார் டாக்டர். வெளியே தெரிந்தால் வேலை போய்விடுமே என்று கடையில் அவள் மூச்சுவிடவில்லை.

பழைய சரக்கெல்லாம் மனப்பாடம். புதிதாக இரண்டு ரோஜா சென்ட் வந்து இறங்கியபோதுதான் மாட்டிக்கொண்டாள். இரண்டையும் காகிதப் பட்டைகளில் தெளித்து, தனித்தனி உறையில் போட்டு வீட்டுக்கு எடுத்துப்போனாள். பஸ் மெக்கானிக்கான கணவர் கையை இரண்டு தடவை சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு வந்து உட்கார்ந்து, முதல் பட்டையை முகர்ந்தார்.

"இது இப்பதான் பறிச்ச ரோஜா. இலை, காம்பு எல்லாம் சேர்ந்து வருது."

"இன்னொண்ணு?"

அவர் கண்ணை மூடிக்கொண்டார். "இது பழைய மரப்பெட்டிக்குள்ள யாரோ போட்டு மறந்துட்ட ரோஜா. கொஞ்சம் மிளகு."

"மிளகா?"

"நான் என்னம்மா பண்ண? மூக்கு சொல்லுது."

மறுவாரம் ஒரு பல் டாக்டரம்மா வந்தார். ஒரு மணிக்கட்டில் ஒன்று, மறு மணிக்கட்டில் மற்றொன்று. மாற்றி மாற்றி முகர்ந்தும் முடிவுக்கு வர முடியவில்லை. மூக்கரசி கணவர் சொன்னதை அப்படியே ஒப்பித்தாள்.

"மரப்பெட்டி! அதேதான்" என்று சிரித்த டாக்டரம்மா, இரண்டு கைகளையும் அவள் முகத்துக்கு நேராக நீட்டினார். "உங்க மூக்குக்கு எது நல்லா இருக்கு? நீங்களே சொல்லுங்க."

பொய் நாக்கு நுனிவரை வந்து நின்றுவிட்டது.

"மன்னிச்சுக்குங்க. மூணு மாசமா எனக்கு வாசனையே தெரியலை. இப்ப சொன்னது எங்க வீட்டுக்காரர் சொன்னது."

முதுகுக்குப் பின்னால் யாரோ தொண்டையைச் செருமினார்கள். மேனேஜர் மேடம்!

டாக்டரம்மா ஒரு மணிக்கட்டை மட்டும் இன்னொரு தடவை முகர்ந்தார். "நாள் முழுக்க மருந்து நாத்தத்துலயே கிடக்கறேன். எனக்கு இலையும் காம்பும் போதும். உங்க வீட்டுக்காரருக்கு என் நன்றியைச் சொல்லுங்க." வாங்கிக்கொண்டு போய்விட்டார்.

மேடம் முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "போன மாசம் பெரிய பாட்டில் உடைஞ்சு கடையே மூக்கைப் பொத்திக்கிச்சு. நீ மட்டும் சாவகாசமா பில் போட்டுட்டு இருந்தே. அப்பவே தெரியும்."

"ஏன் மேடம் கேக்கலை?"

"நீயா சொல்லுவேன்னு பார்த்தேன். ஆள் பார்த்துப் பேசத் தெரிஞ்சவளை நான் எங்க போய்த் தேடுவேன்? இனிமே புதுசு வந்தா நானே மோந்து சொல்றேன். பாவம், உன் வீட்டுக்காரரை விட்டுடு."

சரக்கு அறைக்குள் போய்க் கணவருக்கு போன் போட்டாள்.

"சொல்லிட்டேங்க."

"ஐயோ! வேலை?"

"இருக்கு."

அந்தப் பக்கம் ஏதோ ஸ்பானர் கீழே விழுந்தது. "அப்பாடா!" என்றார் அவர்.

அவள் ஒரு பெட்டிமேல் உட்கார்ந்து, செருப்பைக் கழற்றிவிட்டுக் காலை நீட்டிக்கொண்டாள். எத்தனை நாளாயிற்று இப்படி உட்கார்ந்து!

"சாப்பிட்டீங்களா?" என்று கேட்டாள்.