ஓடைத் தண்ணீர் வெள்ளைக் கோடு போடாது

திக்லிபூர்ப் பக்கத்து ஓடையில் மீன்களைக் கொன்றது எங்கள் அறிக்கை. அதைத் திருத்தச் சொல்லிப் போராடியவர் ஒரே ஒருவர். அவர் இப்போது இல்லை.

செய்தியை எனக்குச் சொன்னவர் பேருந்து நடத்துநர். தீவின் வடகோடியில், திக்லிபூரில் இறங்கிக் காலிக் கேன்களை எடுத்துக்கொண்டிருந்தேன். "பால்டி தீதி காலையில போயிட்டாங்களாமே, உனக்குத் தெரியாதா?" என்று இந்தியில் கேட்டார். வாளி அக்கா. எங்கள் ஆய்வக உதவியாளர் கோமதி அக்காவை அந்த வழித்தடம் முழுக்க அப்படித்தான் அறியும். போர்ட் பிளேரில், டெலானிபூர் குவார்ட்டர்ஸில், சமைத்துக்கொண்டிருக்கும்போதே மாரடைப்பு. கைப்பேசிக்கு சிக்னல் கிடைத்தபோது அவர் கணவரின் அழைப்புகள் வரிசையாகத் தவறியிருந்தன. அன்றைக்குத் திரும்பும் பேருந்து இல்லை. தகனத்துக்கு நான் போய்ச் சேரவில்லை.

தீவுக்குக் கைதிகளைக் கப்பலேற்றிய காலத்திலேயே இங்கே வந்த தமிழ்க் குடும்பம் அவருடையது. பேச்சில் இந்தி கலந்தே இருக்கும். ஓடை மீன்களை வெள்ளை வாளியில் விட்டு, துளை போட்ட மூடியால் மூடி, மடியில் வைத்தபடி போர்ட் பிளேர் வரைக்கும் வருவார். காட்டு வழியைப் போலீஸ் காவலோடு கூட்டமாகக் கடக்கும் கான்வாய்க்காக வண்டிகள் வரிசையில் நிற்கும்போதெல்லாம் கையை விட்டு நீரை அளைந்து காற்றூட்டுவார். விரல் நீளமே உள்ள மீன்கள். கல்லில் வயிற்றை ஒட்டிக்கொண்டு வெள்ளத்தை எதிர்த்து நிற்பவை. ஒருமுறை பக்கத்து இருக்கைக்காரர் எட்டிப் பார்த்து, இது எத்தனை பேர் குழம்புக்குக் காணும் என்று கிண்டலடித்தார். "குழம்புக்கு இல்ல பாய். சாட்சி சொல்லக் கூட்டிட்டுப் போறேன்" என்றார் அக்கா. வண்டியே சிரித்தது.

அவர் விளையாட்டுக்குச் சொல்லவில்லை. அங்கே பாக்குத் தோட்டங்களில் மழைக்கு முன் குலைகளுக்கு மயில்துத்தமும் சுண்ணாம்பும் கலந்து தெளிப்பார்கள்; தெளிக்காவிட்டால் காய் அழுகி உதிரும். அந்தக் கலவைக்காக ஓடைக்கரையிலேயே தொட்டி கட்ட ஒரு திட்டம் வந்தது. தொட்டி வழிந்தால் மீனுக்கு என்ன ஆகும் என்று சொல்வது எங்கள் வேலை. மயில்துத்தத்தில் இருக்கும் தாமிரம் மீனின் செவுளைக் கெடுக்கும். எவ்வளவு கெடுக்கும் என்பது தண்ணீரைப் பொறுத்தது. உப்புப் படியும் கடின நீரில் மீன் தாங்கிவிடும் அளவு, மென்னீரில் அதைக் கொன்றுவிடும். அந்த ஓடையில் ஓடுவது மென்னீர். அதனால் மீனோடு ஓடைத் தண்ணீரையும் கேன்களில் கொண்டுவந்துதான் சோதிக்க வேண்டும்.

அந்த முறை கேன்களைக் கொண்டுவந்தவன் நான். வழியில் இரண்டு ஒழுகிவிட்டன. அலுவலகத்துக்கு அவசரம், எனக்கோ ஒப்பந்தம் புதுப்பிக்கும் மாதம். ஆய்வகத்து ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீரை ஊற்றி நிரப்பினேன். யாரிடமும் சொல்லவில்லை. மருந்து கலந்து வைத்த நான்கு நாளும் மீன்கள் உயிரோடிருந்தன. 'ஆபத்து குறைவு' என்று எழுதினேன். மேலே எல்லோரும் மகிழ்ச்சியாகக் கையெழுத்திட்டார்கள்.

கண்ணாடித் தொட்டிகளைக் கழுவும்போது அக்கா நின்றுவிட்டார். விளிம்பில் காய்ந்திருந்த வெள்ளைக் கோட்டை நகத்தால் சுரண்டினார்.

"ஓடைத் தண்ணி கோடு போடாதே, தம்பி."

ஒப்புக்கொண்டேன். திட்டு வாங்கத் தயாராக நின்றேன். "சாட்சிக்கு நீ சொல்லிக் கொடுத்துட்டே. சலோ, மறுபடி கேட்போம்" என்றார்.

மறுபடி போனோம். இம்முறை கேன்களை அவரே காலடியில் வைத்துக் காவல் காத்து வந்தார். அதே அளவு மருந்து. இரண்டாம் நாள் காலையில் ஒரு மீன்கூட மிஞ்சவில்லை. மருந்து கலக்காத தொட்டியில் எல்லாம் நீந்திக்கொண்டிருந்தன. அக்கா துப்பட்டாவைக் கழற்றிச் செத்த மீன்கள் கிடந்த தொட்டியை மூடினார். "மாஃப் கர்னா" என்றார் மெதுவாக. அந்தக் கட்டடத்தில் மீனிடம் மன்னிப்புக் கேட்ட வேறு யாரையும் நான் பார்த்ததில்லை.

அறிக்கையைத் திரும்பப் பெறும்படி கடிதம் எழுதினார். தண்ணீரை மாற்றி ஊற்றியது தான்தான் என்று அதில் எழுதியிருந்தார். வேண்டாம் என்றேன். "நீ கான்ட்ராக்ட். நாளைக்கே கப்பல் ஏத்திடுவாங்க. என்னை எங்க மாத்துவாங்க, நிகோபாருக்கா? அங்கயும் மீன் இருக்கு." நான் வாயை மூடிக்கொண்டேன். இதை நாகரிகமாகச் சொல்ல வழியில்லை.

பதில் வரவில்லை. ஓடைக்கரையில் தொட்டி வந்தது. முதல் பெருமழையில் வழிந்தது. நாங்கள் போய்ப் பார்த்தபோது தொட்டிக்குக் கீழே ஓடையில் கற்கள் வெறுமையாக இருந்தன. தோட்டக்காரர்கள் மேல் அக்காவுக்குக் கோபமில்லை. பாக்கு அழுகினால் அவர்களுக்கு யார் சோறு போடுவார்கள் என்பார். தொட்டியை மேட்டுக்கு நகர்த்தினால் போதும் என்பார். அதையே வாராவாரம் அலுவலகத்தில் போய்ச் சொன்னார். கடைசி வாரமும் சொன்னார்.

அவருடைய வாளி இப்போது ஷாதிபூரில் என் அறையில் இருக்கிறது. அவர் கணவர் கொடுத்தார். மூடியில் இருக்கும் துளைகள் அக்காவே கம்பியைக் காய்ச்சிப் போட்டவை. ஒன்றுகூட வரிசையில் இல்லை. தொட்டிக்கு மேலே ஓடையில் இன்னும் கொஞ்சம் மீன் இருக்கிறது. வாளி சும்மா கிடக்காது.

அலுவலக நண்பர்களே, இரங்கல் கூட்டத்தில் நீங்களும் இருந்தீர்கள். ஓர் அதிகாரி பெருந்தன்மையோடு பேசினார்: நல்ல உழைப்பாளி, ஒருமுறை தண்ணீரை மாற்றி ஊற்றிவிட்டார், மனிதர்தானே. நான் எழுந்தேன். ஊற்றியது நான் என்றேன். அறிக்கையைத் திரும்பப் பெறுங்கள், தொட்டியை மேட்டுக்கு மாற்றுங்கள், அந்தக் கோப்பில் அக்கா மேல் இருக்கும் பழியை நீக்குங்கள் என்று கேட்டேன்.

அதிகாரி கடிகாரத்தைப் பார்த்தார். இரண்டு நிமிடம் மௌனம் அனுசரிப்போம் என்றார். எல்லோரும் எழுந்து நின்றீர்கள். நான் ஏற்கெனவே நின்றுகொண்டிருந்தேன்.