தம்பியை விசாரிக்க வந்தவர்

சில ஆண்டுகளுக்கு முன் என் தம்பிக்கு ராணுவத் தளவாடத் தொழிற்சாலை ஒன்றில் வேலை கிடைத்தது. சேருவதற்கு முன் போலீஸ் விசாரணை உண்டு என்றார்கள். கல்லூரியில் படித்தபோது சிநேகிதர்களோடு கடற்கரையில் கஞ்சா புகைத்து, பிறகு அதை அறவே விட்டவன் அவன்.

ஒருநாள் சாதாரண உடையில் ஒரு போலீஸ்காரர் முதலியார்பேட்டையில் உள்ள எங்கள் வீட்டுக்கு வந்து, தம்பியின் பழக்கவழக்கங்களைப் பற்றிக் கேட்டார்.

“பீடிகூடத் தொட்டதில்ல சார்” என்று நான் முந்திக்கொண்டேன்.

உள்ளேயிருந்து தம்பி வந்தான். “அக்காவுக்கு பயம் சார். காலேஜ்ல படிக்கிறப்ப கஞ்சா அடிச்சிருக்கேன். விட்டு மூணு வருஷம் ஆவுது.”

வேலை போயிற்று என்றே நினைத்தேன்.

அவர் என்னைப் பார்த்தார். “தெருவுல விசாரிச்சுட்டுதாம்மா வந்தேன். எப்பவோ அடிச்சதை மேலதிகாரிங்க யோசிச்சு முடிவு பண்ணுவாங்க. மறைச்சுட்டான்னு நான் எழுதினா யோசிக்கவே மாட்டாங்க.”

மாதக்கணக்கில் காத்திருந்தோம். கடைசியில் வேலை உத்தரவு வந்தது. இன்றும் அவன் அங்கேதான் இருக்கிறான்.

இப்போது எங்கள் வீட்டுப் பிள்ளைகளைப் பற்றி யார் எது கேட்டாலும், “இருங்க, அவனே சொல்லுவான்” என்று கூப்பிட்டு விடுகிறேன். பக்கத்தில் நின்றாலும் வாயைத் திறப்பதில்லை.